ஓர்சே: ரயில் நிலையமாக இருந்த மியூசியம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிஸுக்கு வரும் உறவினர்களும் நண்பர்களும் ஈஃபில் கோபுரத்தையும் லூவ்ரையும் தாங்களாகவே பட்டியலில் வைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். ஓர்சே மியூசியத்தை நான்தான் சேர்க்கச் சொல்வேன். சேன் ஆற்றின் இடது கரையில் 1900-இல் ரயில் நிலையமாகக் கட்டி, 1986-இல் மியூசியமாகத் திறந்த கட்டடம் அது. மெட்ரோவில் போகும்போது, உள்ளே நடக்கும்போது, ஊருக்குத் திரும்பிய பிறகு வாட்ஸாப்பில் என்று எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான். அதனால் அவற்றை ஒரே இடத்தில் தொகுத்துவிட்டேன். அங்கே இருக்கும் ஓவியங்களைப் பற்றிச் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். இந்தப் பக்கம் கட்டடத்தைப் பற்றியது.

இது நிஜமாவே ரயில்வே ஸ்டேஷனா? வெளியே பார்த்தா அரண்மனை மாதிரி இருக்கே?

நிஜமான ஸ்டேஷன்தான். பாரிஸ்–ஓர்லேயான் என்ற ரயில்வே கம்பெனி கட்டியது. முகப்பில் அந்தக் கம்பெனியின் பெயர் எழுத்துகள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பாதையில் போய்ச் சேரக்கூடிய ஊர்களின் பெயர்களையும் கல்லில் பொறித்திருக்கிறார்கள். மேலே உட்கார்ந்திருக்கும் மூன்று பெண் சிலைகள் போர்தோ, துலூஸ், நாந்த் ஆகிய மூன்று நகரங்களைக் குறிப்பவை. எந்த ஊருக்கு இங்கே வண்டி ஏறலாம் என்பதைச் சிலையாகவே வைத்துவிட்டார்கள்.

அரண்மனை மாதிரித் தெரிவதற்குக் காரணம் அது நிற்கும் இடம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் லூவ்ரும் துய்லெரி தோட்டமும், பக்கத்திலேயே லெஜியன் ஆஃப் ஹானர் மாளிகை. இப்படிப்பட்ட இடத்தில் இரும்புக் கொட்டகை எழும்பினால் ஊரே சண்டைக்கு வந்திருக்கும். அதனால் கட்டடக் கலைஞர் விக்டர் லாலூ இரும்புச் சட்டத்தை உள்ளே நிறுத்தி, அதன்மேல் கல் போர்த்தினார்.

எப்படிப் போறது? டிக்கெட் முன்னாடியே எடுக்கணுமா?

லா ஷப்பேல் பக்கம் தமிழ்க் கடைகளை ஒட்டித் தங்கியிருப்பவர்களுக்கு ரொம்பச் சுலபம். மார்க்ஸ் தோர்முவா ஸ்டேஷனில் 12-ஆம் எண் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் சோல்ஃபெரினோவில் இறங்கலாம். அங்கிருந்து ஆற்றை நோக்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். லா கூர்நேவ் பக்கம் இருப்பவர்கள் ஆர்இஆர் என்ற புறநகர் ரயிலின் பி வண்டியில் சேன்-மிஷேல் வந்து, ஆர்இஆர் சி-க்கு மாறினால் அடுத்த நிறுத்தமே ஓர்சே. கட்டடத்தைப் பார்க்கப் போகிறவர்கள் இந்த இரண்டாவது வழியில் போவதுதான் பொருத்தம். ஏன் என்பதை ரயில் இன்னும் ஓடுகிறதா என்ற கேள்வியில் சொல்கிறேன்.

திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலை 9.30 முதல் மாலை 6 வரை, வியாழன் மட்டும் இரவு 9.45 வரை. மே 1, டிசம்பர் 25 தேதிகளிலும் மூடியிருக்கும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்குமே இலவசம், ஆனால் நேரம் முன்பதிவு செய்யவேண்டும். கட்டணம் அவ்வப்போது மாறுகிறது, அதனால் கிளம்புமுன் அவர்களின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வருஷத்துக்கு 30 லட்சம் பேருக்கு மேல் வரும் இடம். நேரே போய் நின்று வாங்கிக்கொள்ளலாம் என்றால் வரிசையிலேயே காலைப் பொழுது போய்விடும். என்னைக் கேட்டால் வியாழன் சாயங்காலம்தான் நல்ல நேரம்.

ஸ்டேஷன் வர்றதுக்கு முன்னாடி அந்த இடத்துல என்ன இருந்தது?

ஓர்சே மாளிகை என்ற அரசுக் கட்டடம் இருந்தது. தணிக்கை நீதிமன்றம் போன்ற அலுவலகங்கள் அதில் இயங்கின. 1871 மே மாதம், அரசை எதிர்த்து பாரிஸ் மக்கள் நடத்திய கம்யூன் எழுச்சியின் கடைசி நாட்களில், அது தீ வைக்கப்பட்டு எரிந்துபோனது. அதன் பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல், நகரத்தின் நட்டநடுவில், கூரையில்லாத கருகிய சுவர்கள் அப்படியே நின்றன. உள்ளே செடிகொடி மண்டிக் காடாகிவிட்டது.

ரயில்வே கம்பெனிக்கு அப்போது ஒரு குறை இருந்தது. அவர்களுடைய ஓஸ்தர்லிட்ஸ் நிலையம் நகரின் கிழக்கு ஓரத்தில் இருந்தது. பயணிகளை நடு நகரத்துக்கே கொண்டுவந்து இறக்கவேண்டும், அதுவும் 1900-இல் நடக்கவிருந்த உலகக் கண்காட்சிக்குள் இறக்கவேண்டும் என்று நினைத்தார்கள். அரசிடமிருந்து இந்த இடம் அவர்கள் கைக்கு வந்தது.

ரெண்டே வருஷத்துல இவ்வளவு பெரிசா எப்படிக் கட்டினாங்க?

மூன்று கட்டடக் கலைஞர்களிடம் வரைபடம் கேட்டு, 1898-இல் லாலூவைத் தேர்ந்தெடுத்தார்கள். தூர் நகரத்து ரயில் நிலையத்தை வடிவமைத்தவரும் அவர்தான். 1900 ஜூலை 14, பிரெஞ்சுத் தேசிய நாளன்று ஓர்சே திறப்பு விழா நடந்துவிட்டது.

வேகத்துக்குக் காரணம் இரும்பு. இந்தக் கட்டடத்துக்குள் 12,000 டன் உலோகம் இருக்கிறது. ஈஃபில் கோபுரத்தின் இரும்பு 7,300 டன்தான் என்று சொன்னால் யாரும் முதலில் நம்பமாட்டேன் என்கிறார்கள். கோபுரம் இரும்பை வெளியே காட்டுகிறது, ஓர்சே உள்ளே வைத்திருக்கிறது, அதனால்தான் இந்த ஆச்சரியம். பெரிய ஹால் 138 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம், 32 மீட்டர் உயரம். கூரையிலும் சுவர்களிலுமாக 35,000 சதுர மீட்டர் கண்ணாடி.

அந்தக் காலத்து ஸ்டேஷன்னா கரிப்புகை கப்பும். கூரை முழுக்க எதுக்கு இவ்வளவு பூ வேலை?

இது ரொம்பச் சரியான கேள்வி. இந்தக் கட்டடத்தைப் புரிந்துகொள்ளும் சாவியே இதில்தான் இருக்கிறது. ஓர்சேயில் புகை இல்லை. மின்சார ரயிலுக்கென்றே கட்டிய முதல் பெருநகர முனையங்களில் ஒன்று இது. தெற்கிலிருந்து நீராவி எஞ்சின் இழுத்து வரும் வண்டி ஓஸ்தர்லிட்ஸில் நிற்கும். அங்கே நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்சார எஞ்சினை மாட்டுவார்கள். மீதி நாலு கிலோமீட்டர் தூரமும் ஆற்றங்கரை ஓரமாகச் சுரங்கத்திலேயே வந்துவிடும்.

புகை இல்லாததால் லாலூவுக்குப் பல வசதிகள் கிடைத்தன. புகை வெளியேறத் திறந்த கூரை வேண்டாம், மூடிவிடலாம். வளைந்த கூரை முழுக்கச் சதுரம் சதுரமாகப் பள்ளம் வைத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் சுதையில் பெரிய ரோஜாப் பூ வைக்கலாம், கறுத்துப்போகாது. ரயிலுக்கு மேலேயே வசதியான ஹோட்டல் நடத்தலாம். எண்பத்தாறு வருஷம் கழித்து அதே ஹாலில் ஓவியங்களையும் சலவைக்கல் சிலைகளையும் வைக்க முடிந்ததற்கும் இந்த மூடிய, சுத்தமான ஹால் கைகொடுத்தது என்றுதான் நினைக்கிறேன். நீராவி வண்டிகளுக்குக் கட்டிய பழைய முனையம் ஒன்றில் இதே வேலையைச் செய்வது இன்னும் கடினமாக இருந்திருக்கும்.

பிளாட்பாரம் எங்கே? ரயில் எங்கே வந்து நின்னது? ஒண்ணையும் காணோமே?

கீழே. பதினாறு தண்டவாளங்களும் தரைமட்டத்துக்கு அடியில் இருந்தன. பயணிகளுக்கான சேவைகள் எல்லாம் மேலே, தரைத்தளத்தில். ஹாலின் நடுவே தரை திறந்திருந்தது, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தால் கீழே நிற்கும் வண்டிகள் தெரியும். ஆட்கள் ஏறி இறங்க லிஃப்ட், பெட்டிகளைக் கொண்டுபோகச் சரிவுப் பாதையும் தூக்கிகளும் இருந்தன. நாள் ஒன்றுக்குச் சுமார் 200 வண்டிகள் வந்து போயின.

இப்போது நீங்கள் டிக்கெட் காட்டி உள்ளே வந்ததும் படிகள் இறங்கி நடு நடைபாதைக்குப் போகிறீர்கள் அல்லவா, சிலைகள் வரிசையாக நிற்கும் இடம்? அதுதான் ரயில் பாதை போன திசை. எதிரே தெரியும் கிழக்குக் கோடியிலிருந்துதான் வண்டிகள் வந்தன. மியூசியமாக மாற்றியவர்கள் அந்த நீள அச்சை மாற்றவில்லை. பயணிகள் பார்த்த நீளம், உயரம், வெளிச்சம் மூன்றும் அப்படியே இன்றைக்கும் கண்ணில் படுகின்றன.

ஹோட்டலும் இதுக்குள்ளேயேதான் இருந்ததா?

ஆமாம், மேற்குப் பக்கமும் தெற்குப் பக்கமும். 370 அறைகள். வண்டியை விட்டு இறங்கி, மழையில் நனையாமல் அறைக்குப் போய்விடலாம். அதன் சாப்பாட்டு அறைதான் இப்போதைய மியூசியம் உணவகம். கேப்ரியேல் ஃபெரியே வரைந்த மேற்கூரை ஓவியமும் சரவிளக்குகளும் அப்படியே இருக்கின்றன. விலை கொஞ்சம் கூடத்தான், ஆனாலும் ஒரு காபியாவது அங்கே குடிக்கலாம். கண்ணாடியும் தங்க வேலைப்பாடுமாக இருக்கும் விழா மண்டபத்தையும் தவறவிடாதீர்கள். 1958 மே 19 அன்று, நாட்டின் பொறுப்பை ஏற்கத் தயார் என்று பிரெஞ்சுத் தலைவர் ஜெனரல் தெகோல் பத்திரிகையாளர்கள் முன் அறிவித்தது இந்த ஹோட்டலில்தான். 1973 தொடக்கத்தில் ஹோட்டலை மூடிவிட்டார்கள்.

இவ்வளவு செலவழிச்சுக் கட்டின ஸ்டேஷனை ஏன் மூடினாங்க?

வண்டி நீளமாகிவிட்டது, பிளாட்பாரம் நீளமாகவில்லை. ஓர்லேயான் பாதை முழுவதும் மெல்ல மெல்ல மின்மயமானது. அதோடு நெடுந்தூர வண்டிகளில் பெட்டிகள் கூடிக்கொண்டே போயின. ஓர்சேயின் பிளாட்பாரங்கள் பூமிக்கு அடியில், ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் தெருக்கள் என்று மாட்டிக்கொண்டவை. இழுத்து நீட்ட வழியே இல்லை. 1939-இல் நெடுந்தூர வண்டிகள் பழையபடி ஓஸ்தர்லிட்ஸோடு நின்றுவிட்டன, ஓர்சேயில் புறநகர் வண்டிகள் மட்டும் மிஞ்சின. ஆக, முழு நிலையமாக அது வாழ்ந்தது நாற்பது வருஷம்கூட இல்லை.

அப்போ 1939-லேர்ந்து 1986 வரைக்கும் சும்மாவா கிடந்தது?

சும்மா கிடக்கவில்லை. எனக்கு இந்தக் கட்டடத்தின் வரலாற்றில் ரொம்ப முக்கியமாகத் தோன்றும் பகுதி இதுதான். இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மானியர்களிடம் கைதிகளாகச் சிக்கிய பிரெஞ்சுப் போர்வீரர்களுக்கு வீட்டிலிருந்து அனுப்பும் பொட்டலங்கள் இங்கே சேர்ந்து, இங்கிருந்து போயின. போர் முடிந்த 1945-இல் அதே ஆட்கள் திரும்பி வந்து சேர்ந்த இடமும் இதுவே. போர்க் கைதிகள், கட்டாய வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள், வதை முகாம்களில் உயிர் தப்பியவர்கள் என்று அவர்களை வரவேற்றுப் பதிவு செய்யும் மையமாக நிலையத்தை மாற்றியிருந்தார்கள். ஆற்றைப் பார்த்த சுவரில் இதைச் சொல்லும் நினைவுப் பலகை ஒன்று இருக்கிறது. வரிசையில் நிற்கும் கூட்டத்தில் அநேகமாக யாரும் அதைக் கவனிப்பதில்லை. நீங்கள் கவனியுங்கள். ஒரு நிமிஷம் நின்று படியுங்கள். தெரியாவிட்டால் பிரெஞ்சு தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் பல விதமான ஆட்கள் இதைப் பயன்படுத்தினார்கள். 1962-இல் இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் இங்கே படம் பிடித்தார். 1970களில் ரெனோ–பரோ நாடகக் குழு ஹாலுக்குள்ளேயே மரத்தில் அரங்கம் அமைத்து நாடகம் போட்டது. தங்கள் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டும் வரை த்ரூவோ ஏலக்காரர்கள் இங்கே ஏலம் நடத்தினார்கள். தற்காலிகமாக வந்தவர்கள்தான் எல்லோரும். ஆனாலும் உள்ளே ஆள் நடமாட்டம் இருந்ததால்தான், இந்த இடத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் ஊரில் பலருக்கும் வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

இடிக்கப் போனாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை. 1961-இலேயே இடத்தை விற்கும் பேச்சு எழுந்து, பல திட்டங்கள் வந்தன. அடுக்குமாடிக் கட்டடம் எழுப்பலாம் என்று லே கொர்பூசியேகூட ஒரு திட்டம் கொடுத்தார். சண்டிகர் நகரை வடிவமைத்தாரே, அவரேதான். 1970-இல் நிலையத்தை இடிக்க அனுமதியே கிடைத்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு பெரிய ஹோட்டல் வரவிருந்தது.

அதே சமயம் பாரிஸில் வேறொன்று நடந்தது. லே ஆல் என்ற மத்தியச் சந்தையின் இரும்புக் கூடங்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல்தார் கட்டியவை, 1971-இல் இடித்துத் தள்ளப்பட்டன. மக்களுக்குக் கோபம். கண்ணெதிரே போன பிறகுதான் அந்தக் காலத்து இரும்புக் கட்டடங்களின் அருமை உறைத்தது. அந்தச் சூட்டில், கலாசார அமைச்சர் ழாக் துஹமேல் ஹோட்டல் திட்டத்தைத் தடுத்தார். 1973 மார்ச்சில் ஓர்சே பாதுகாக்கவேண்டிய கட்டடங்களின் பட்டியலில் சேர்ந்தது, 1978-இல் முழு வரலாற்றுச் சின்னமானது. லே ஆல் இடிபடாமல் இருந்திருந்தால் ஓர்சே இடிபட்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

மியூசியமாக்கணும்னு யாருக்குத் தோணிச்சு? லூவ்ர் பக்கத்துலயே இருக்கும்போது இன்னொண்ணு எதுக்கு?

பிரான்ஸ் நாட்டு மியூசியங்களின் நிர்வாகத்திலிருந்து வந்த யோசனை. 1977 அக்டோபரில் அதிபர் வலேரி ஜிஸ்கார் தெஸ்தேன் காலத்தில் அது அரசு முடிவானது. அவர் பதவியிலிருந்து போன பிறகும் வேலை நிற்கவில்லை என்பதைக் குறிப்பாகச் சொல்லவேண்டும். எதிர்க்கட்சியிலிருந்து அதிபரான மித்தெரான், 1986 டிசம்பர் 1-இல் திறந்துவைத்தார். டிசம்பர் 9 முதல் பொதுமக்கள் உள்ளே போனார்கள். இந்த மியூசிய நிறுவனத்தின் பெயரோடு 2021-இல் ஜிஸ்கார் தெஸ்தேனின் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள்.

லூவ்ரில் பழைய கலை இருந்தது, பொம்பிதூ மையத்தில் இருபதாம் நூற்றாண்டுக் கலை இருந்தது. நடுவில் 1848 முதல் 1914 வரையிலான கலைக்கு ஒரே வீடாக எதுவும் இருக்கவில்லை. லூவ்ரிலிருந்தும், ஒளியையும் அந்தக் கணத்துத் தோற்றத்தையும் பிடிக்க முயன்ற இம்ப்ரெஷனிஸ ஓவியங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்த ழே த போம் மியூசியத்திலிருந்தும், நவீனக் கலை மியூசியத்திலிருந்தும் படைப்புகளை இங்கே கொண்டுவந்தார்கள். நிலையம் கட்டிய 1900-உம் அந்தக் காலத்துக்குள்ளேயே வருகிறது. அதனால் மாளிகையும் உள்ளிருக்கும் பொருளும் ஒரே தலைமுறை. இன்னொரு விஷயம்: 1900-இல் திறந்தபோதே ஓவியர் எதுவார் தெத்தாய், நிலையம் கலை மாளிகை மாதிரி இருக்கிறது, கலை மாளிகை நிலையம் மாதிரி இருக்கிறது, நேரம் இருக்கும்போதே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னாராம்.

நான் படத்தைவிட ஸ்டேஷனைத்தான் பார்க்கணும். எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

ஆற்றங்கரைப் பக்கம் நின்று முகப்பைப் பாருங்கள். ஏழு பெரிய வளைவுகள், இரண்டு கோடியிலும் இரண்டு ராட்சதக் கடிகாரங்கள். பிறகு மேற்குப் பக்கத் திடலுக்கு வாருங்கள். அங்கே யானை, காண்டாமிருகம், குதிரை சிலைகளும் கண்டங்களைக் குறிக்கும் ஆறு பெண் சிலைகளும் இருக்கின்றன. இவை நிலையத்தோடு சேர்ந்தவை அல்ல, 1878 கண்காட்சிக்காகச் செய்து பிறகு இங்கே வந்தவை. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

உள்ளே நுழைந்து சில அடி நடந்ததும், சிலைகளைப் பார்க்கத் தொடங்குமுன், அப்படியே திரும்பி நீங்கள் வந்த பக்கத்தைப் பாருங்கள். பெரிய கண்ணாடிச் சுவரும், அதில் பொன்முலாம் பூசிய கடிகாரமும் இருக்கும். கீழே வண்டி காத்திருக்க, பயணி மணி பார்த்தது அதில்தான். பலரும் முன்னால் மட்டுமே பார்த்துக்கொண்டு நடந்து போய்விடுகிறார்கள். அடுத்து கிழக்குக் கோடி வரை போங்கள். அங்கே தரையில் கண்ணாடி பதித்து, அதன் அடியில் பாரிஸ் ஓபரா வட்டாரத்தின் மாதிரியை வைத்திருக்கிறார்கள், அதன்மேல் நடக்கலாம். பிறகு ஐந்தாம் தளம்.

அந்தப் பெரிய கடிகாரத்துக்குப் பின்னாடி நின்னு எல்லாரும் போட்டோ எடுக்கிறாங்களே, அது எங்கே?

ஐந்தாம் தளத்தில், ஆற்றைப் பார்த்த முகப்பின் கடிகாரங்கள் அவை. முகம் முழுக்கக் கண்ணாடி, அதனால் உள்ளேயிருந்து பார்த்தால் வெளிச்சம் பின்னாலிருந்து வர, ரோமன் எண்கள் கறுப்பாக, இடம்வலம் மாறித் தெரியும். முள்ளும் எதிர்த் திசையில் சுற்றுவது போல இருக்கும். முள்ளுக்கும் எண்ணுக்கும் இடையே பார்த்தால் சேன் ஆறு, துய்லெரி மரங்கள், வானம் தெளிந்த நாளில் தூரத்துக் குன்றில் வெள்ளையாக சக்ரே கேர் கோயில். ஒரு கடிகாரத்துக்குப் பின்னால் காபிக்கடை இருக்கிறது, மற்றது காட்சிக் கூடங்களை ஒட்டி. கூட்டம் அலைமோதும். மாலை மூடும் நேரம் நெருங்கும்போது போனால் கொஞ்சம் நிம்மதியாக நிற்கலாம்.

ஸ்டேஷனுக்குள்ள இருக்கிற மியூசியத்துல ரயில் படம் ஏதாவது இருக்கா அக்கா?

இருக்கிறது, அதைத் தேடிப் பிடித்துப் பாருங்கள். மோனே 1877-இல் வரைந்த சேன்-லசார் ரயில் நிலையம். முக்கோணக் கண்ணாடிக் கூரை, அதன் அடியில் நீலமும் சாம்பலுமாக நீராவி, புகைக்குள் பாதி கரைந்துபோன எஞ்சின். கரிப்புகை பற்றிய கேள்விக்கு மேலே சொன்ன பதில் இந்தப் படத்தின் முன்னால் நின்றால் நன்றாகப் புரியும். ஓர்சே எதைத் தவிர்க்கக் கட்டப்பட்டதோ அது முழுக்க அந்தத் துணியில் இருக்கிறது. சேன்-லசார் இன்றைக்கும் பரபரப்பான நிலையம். நீங்கள் வரும் 12-ஆம் எண் மெட்ரோவே அதன் வழியாகத்தான் வருகிறது.

அப்பா அம்மாவால ரொம்ப நடக்க முடியாது. கூட்டிட்டு வரலாமா?

தாராளமாக. எல்லாத் தளங்களுக்கும் லிஃப்ட் இருக்கிறது, சக்கர நாற்காலி உள்ளேயே இரவல் கிடைக்கும். லூவ்ரைவிட இது எவ்வளவோ சிறியது. நேராக ஐந்தாம் தளத்துக்கு ஏறி, பார்த்துக்கொண்டே இறங்கி வந்தால் கால் வலி குறையும். ஊருக்குப் போகும் வழியில் பார்த்துவிடலாம் என்று பெரிய சூட்கேஸோடு மட்டும் வராதீர்கள், உள்ளே விடமாட்டார்கள்.

இப்போ கீழே ரயில் ஓடுதா, இல்லையா?

ஓடுகிறது. 1979-இல் ஓர்சேயையும் அடுத்திருந்த அன்வலீத் முனையத்தையும் சுரங்கத்தால் இணைத்து, ஆர்இஆர் சி பாதையை உருவாக்கினார்கள். முட்டி நின்ற நிலையம் வழியில் வரும் நிறுத்தமாக மாறியது. ஆற்றை ஒட்டிய பக்கத்தில் பழைய நிலையத்தின் ஒரு பகுதியே இன்றைய பிளாட்பாரம். ஓஸ்தர்லிட்ஸிலிருந்து ஓர்சேக்கு அந்த வண்டியில் வந்தால், 1900-இன் பயணிகள் வந்த அதே ஆற்றங்கரைப் பாதையில்தான் வருகிறீர்கள். கோடையில் பராமரிப்புக்காக நடுப்பகுதியை வாரக்கணக்கில் மூடிவிடுவார்கள், அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஆத்துக்குப் பக்கத்துல அடித்தளம் இருக்கே, வெள்ளம் வந்தா படங்க எல்லாம் என்னாகும்?

1910 ஜனவரியில் சேன் பெருகியபோது ஓர்சேயின் தண்டவாளங்கள் தண்ணீரில் மூழ்கின. ஹாலுக்குள்ளேயே குளம் நிற்கும் புகைப்படங்கள் இருக்கின்றன. 2016 ஜூனில் ஆறு மறுபடி ஏறியபோது லூவ்ரும் ஓர்சேயும் கதவை மூடிவிட்டு, கீழ்த்தளத்தில் இருந்தவற்றை மேலே ஏற்றின. அதற்கான திட்டம் முன்கூட்டியே கையில் இருந்தது. இருந்தாலும் ஆற்றங்கரை நிலையத்தை மியூசியமாக்கியதில் இது தீராத கவலைதான், மறைக்கவேண்டியதில்லை.

எவ்வளவு அசல், எவ்வளவு புதுசு? புதுசா எதையோ கட்டி ஸ்டேஷனையே மறைச்சிட்ட மாதிரி இருக்கே?

முகப்பு, கூரை வளைவு, ரோஜாப் பூக்கள், இரும்புத் தூண்கள், கடிகாரங்கள், வாசலின் கண்ணாடிப் பந்தல், ஹோட்டலின் உணவறையும் விழா மண்டபமும் அசல். நடு நடைபாதையின் இரண்டு பக்கமும் எழும் கல் மேடைகள், அறைகள், கிழக்குக் கோடியின் இரண்டு கோபுரங்கள் புதியவை. கொல்போக், பார்தோன், ஃபிலிப்போன் ஆகிய மூவர் கட்டட மாற்றத்தைத் திட்டமிட்டார்கள். உள் அமைப்பு இத்தாலியரான கே அவுலெந்தியுடையது. இம்ப்ரெஷனிஸக் கூடத்தை 2011-இல் கட்டடக் கலைஞர் விழ்மோத் புதுப்பித்தார். முன்பிருந்த வெளிர் சுவர்கள் போய் அடர் நிறம் வந்தது, ஓவியங்களுக்கு அது நல்லதாகவே ஆயிற்று.

மறைத்துவிட்டார்கள் என்ற குறை திறந்த நாளிலிருந்தே உண்டு. அந்தக் கல் மேடைகளைப் பார்த்து எகிப்தியக் கல்லறை என்று எழுதியவர்களும் உண்டு. எனக்கும் அந்தக் கோபுரங்கள் பிடிக்காது. கிழக்குக் கோடியில் அவை கனமாக நின்று, வண்டிகள் வந்த திசையை அடைத்துக்கொள்கின்றன. ஆனால் அவுலெந்தியின் சிக்கலையும் பார்க்கவேண்டும். 32 மீட்டர் உயரக் கண்ணாடி ஹாலில் ஓர் ஓவியத்தை எங்கே மாட்டுவது? சுவர் வேண்டும், அளவான வெளிச்சம் வேண்டும், பக்கத்தில் நின்று பார்க்கும் அளவுக்கு அறை வேண்டும். அவர் பழைய பாணியைப் பார்த்துப் பொய்யாக நகல் எடுக்கவில்லை. புதியது புதியதாகவே தெரிகிறது, எது 1900, எது 1986 என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். இரண்டையும் குழப்பாததுதான் அவர் செய்த பெரிய நன்மை.

இந்த ஸ்டேஷனைப் பார்த்து வேற எங்கேயாவது கட்டினாங்களா?

நியூயார்க்கில். பென்சில்வேனியா ரயில்வேயின் தலைவர் அலெக்சாண்டர் கசாட் 1901-இல் பாரிஸ் வந்தபோது ஓர்சேயைப் பார்த்தார். சுரங்கம், அதில் புகையில்லாத மின்சார வண்டி, நடு நகரத்தில் முனையம் என்று நியூயார்க்குக்கு வேண்டிய விடை இங்கே கண்முன்னே ஓடிக்கொண்டிருந்தது. அப்படி எழுந்த பென்சில்வேனியா நிலையம் 1910-இல் திறந்தது. 1963-இல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். அந்த இழப்பின் எதிரொலியாக 1965-இல் நியூயார்க்கில் பழைய கட்டடங்களைக் காக்கும் சட்டம் வந்தது.

அலெக்சாண்டரின் தங்கை மேரி கசாட் பாரிஸில் வாழ்ந்த ஓவியர், இம்ப்ரெஷனிஸ்டுகளில் ஒருவர். அண்ணன் பார்த்து வியந்த நிலையத்துக்குள் இன்று தங்கையின் ஓவியம் இருக்கிறது. இந்தத் தகவலை நான் சொல்லாமல் யாரையும் அனுப்புவதில்லை.

இதே மாதிரி மாத்தின பழைய ஸ்டேஷன் பாரிஸ்ல வேற இருக்கா?

சில உண்டு. பாஸ்தீல் நிலையத்தை 1984-இல் இடித்துவிட்டு ஓபரா கட்டினார்கள், ஆனால் அதன் ரயில் மேம்பாலத்தை விட்டுவைத்தார்கள். மேலே நடந்து போகும் தோட்டம், கீழே வளைவுகளுக்குள் கைவினைப் பட்டறைகள். ஓஸ்தர்லிட்ஸ் பக்கம் இருந்த ஃப்ரேசினே சரக்குக் கூடம் 2017 முதல் ஸ்டார்ட்-அப் கம்பெனிகளின் வளாகம். கிளிஞாங்கூர் வாசலில், ஊரைச் சுற்றி ஓடிய பழைய வட்டப் பாதையின் சிறு நிலையம் ஒன்று இப்போது காபிக்கடை.

லா ஷப்பேலில் தங்கியிருப்பவர்கள் மெட்ரோகூட ஏறவேண்டாம். பஜோல் தெருவில் ரயில்வேயின் பழைய சரக்குக் கூடம் ஒன்று இருக்கிறது. அதன் இரும்புச் சட்டத்தை வைத்துக்கொண்டு, உள்ளே நூலகமும் இளைஞர் விடுதியும், கூரை நிழலில் தோட்டமும், கூரைமேல் சூரிய மின் தகடுகளும் வைத்திருக்கிறார்கள். காய்கறி வாங்கித் திரும்பும் வழியில் எட்டிப் பார்க்கலாம். நூலகத்துக்குள் போக டிக்கெட் கிடையாது.